கட்டடக்கலையும் குடியிருப்போரும்

தேசிய மரபைப் பேணுதல் என்பது பழைய வடிவங்களை மீண்டும் வார்த்தெடுப்பதுதானா? கொழும்பிலுள்ள சுதந்திர நினைவு மண்டபம் இவ்வினாவை எழுப்புகின்றது. கண்டி மன்னரின் கொலுமண்டபமே அதற்கு மாதிரி. 1815ஆம் ஆண்டு எந்த மண்டபத்தில் நாடு பிரித்தானியருக்குக் கையளிக்கப்பட்டதோ, அதன் வடிவமே 1948ஆம் ஆண்டின் விடுதலைக்குச் சின்னமாயிற்று. தச்சனின் உளி மரத்திற் கண்ட அழகைக் கொங்கிறீற்று பிரதிசெய்தது. வடிவம் எஞ்சியது, அதனை ஈன்ற தொழில் விடுபட்டது.

அக்காலத்திலேயே மரபை வேறுவிதமாக விளங்கிக்கொண்டவர் மினெற் டி சில்வா (1918–1998). கண்டியிற் பிறந்து, பம்பாயிலும் இலண்டனிலும் பயின்ற அவர், பிரித்தானியக் கட்டடக்கலைஞர் அரச நிறுவகத்தில் 1948இல் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண்மணியாவார். கண்டியில் அவர் அமைத்த கருணாரத்ன இல்லம் 1951இல் நிறைவுற்றது. கொங்கிறீற்றையும் கண்ணாடியையும் அவர் விலக்கவில்லை. அவற்றோடு சுடுமண் ஓடுகளையும் தும்பறைப் பாய் நெசவையும் இணைத்தார். சாதியமைப்பின் அடித்தட்டிலே ஒதுக்கப்பட்டிருந்த நெசவாளரின் கைவண்ணம் நவீன வீட்டின் ஓர் உறுப்பாயிற்று. மரபு அங்கே வெறும் சின்னமாகவன்றி, கூலி பெறும் உழைப்பாக வாழ்ந்தது.

1958ஆம் ஆண்டின் வட்டாபுலுவ வீடமைப்புத் திட்டத்தில் அவர் இன்னுமொருபடி முன்சென்றார். இருநூறுக்கு மேற்பட்ட அவ்வீடுகளுக்கு வரைபடம் கீறுமுன், குடிபுகவிருந்த அரசாங்க ஊழியரிடம் வினாக்கொத்து மூலம் அவர்தம் தேவைகளையும் வாழ்க்கைமுறையையும் கேட்டறிந்தார். அதன் பயனாக ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்குப் பதிலாகப் பல வகை வீடுகள் உருவாகின. இன்று நிலைபேறான வடிவமைப்புப் பற்றிப் பேசுவோர் உள்ளூர்ப் பொருளையும் காற்றோட்டத்தையும் நிழலையும் வலியுறுத்துகின்றனர். குடியிருப்போரின் குரலும் அதன் அடிப்படை என்பதை வட்டாபுலுவ உணர்த்துகின்றது.

ஆயினும் இங்கு கேட்கப்பட்டோர் மாதச் சம்பளம் பெறும் உத்தியோகத்தர் என்பதை மறத்தலாகாது. அதே மலைநாட்டில் தோட்டத் தொழிலாளரிடம் எவரும் எதனையும் கேட்கவில்லை. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான லயத்து அறையிலே குடும்பம் முழுவதும் ஒடுங்கியது. தகரக்கூரை பகலில் வெயிலையும் இரவிற் குளிரையும் உள்ளே இறக்கியது. லயமும் ஒருவகைக் கட்டடக்கலையே: குறைந்த செலவிற் கூடிய தொழிலாளரை அடைத்து, துரைத்தனத்தின் கண்காணிப்பில் வைத்திருப்பதற்கான கலை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் பல குடும்பங்கள் இன்றும் அங்கேயே வாழ்கின்றன. நீண்டகாலம் நிற்பதனால் மட்டும் ஒரு கட்டடம் நிலைபேறுடையதாகிவிடாது.

மலையகத்திலே லயங்களுக்குப் பதிலாகத் தனிவீடுகள் கட்டப்பட்டு வரும் இக்காலத்தில், ஓட்டின் நிறம் பற்றியும் முகப்பின் அழகு பற்றியும் விவாதிக்குமுன் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. கொழுந்து பறித்துவிட்டு மாலையில் வந்து அடுப்பு மூட்டும் பெண்ணிடம், சமையலறை எங்கே இருக்கவேண்டுமென்று யாராவது கேட்டார்களா? வட்டாபுலுவவின் வினாக்கொத்து அவள் கைக்கும் போய்ச்சேர வேண்டும்.