நாலாயிரம் ஹெர்ட்ஸில் தொடங்கும் இழப்பு: விசைத்தறி இரைச்சலும் நம் அளவுகோல்களும்

விசைத்தறிக் கூடத்தில் நெடுநாள் உழைத்தவர் காது மருத்துவரிடம் பெரும்பாலும் சொல்வது இதுதான்: சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை. பேச்சில் உயிரொலிகளின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் தங்குகிறது. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் உரசொலிகளின் கூர்மை 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. தொழிலிரைச்சல் முதலில் அழிப்பது அந்த மேற்பகுதியையே. நம் சட்டம் ஊனத்தை அளக்கும் முறையோ இந்த அழிவை ஏறக்குறைய முழுமையாகத் தவறவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

புறச்செவிக் குழல் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தானாகவே பெருக்கித் தருகிறது. அதனால் உட்செவியில் அடி விழுவது அதற்குச் சற்று மேலே, 3,000 முதல் 6,000 வரையில், பெரும்பாலும் 4,000இல். அங்குள்ள புற மயிர்ச்செல்கள் இறந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. செவித்திறன் வரைபடத்தில் இது 4,000இல் ஒரு பள்ளமாகவும், 8,000இல் சற்றே ஏறும் கோடாகவும் தெரியும். முதுமையால் வரும் இழப்பில் அந்த ஏற்றம் இராது. கோடு இறங்கிக்கொண்டே போகும். இரு காதிலும் ஏறத்தாழ ஒரே அளவு பாதிப்பு, இரைச்சலில் உழைத்த வரலாறு, நடுச்செவியில் பழுதின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தால் நோயறிதல் கடினமன்று. ஆனால் வேலை முடித்த கையோடு சோதித்தால் தற்காலிக மந்தமும் கணக்கில் சேர்ந்துவிடும். அடிப்படைச் சோதனைக்கு முன் 14 மணி நேரம் இரைச்சலின்றி இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி கேட்பது இதனால்தான். வயது ஏற ஏற 8,000இலும் செவி மங்கிப் பள்ளத்தின் வடிவம் கரைந்துபோகும். வேலையில் சேர்ந்த நாளில் எடுத்த வரைபடம் கையில் இல்லையென்றால், ஐம்பது வயதில் இழப்பின் காரணம் வழக்காடும் பொருளாகிவிடும். வழக்கில் தோற்பவர் அநேகமாகத் தொழிலாளியே.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் சணல் நெய்த பெண்களைப் பற்றி 1965இல் வெளிவந்த ஆய்வு இங்கு மிகவும் பொருந்தும். அரை நூற்றாண்டாக இரைச்சல் பெரிதாக மாறாத தறிகள் அவை. அளவு சுமார் 100 டெசிபல். 4,000 ஹெர்ட்ஸில் இழப்பின் பெரும்பகுதி முதல் 10, 15 ஆண்டுகளிலேயே நேர்ந்துவிட்டது. 2,000இல், அதாவது பேச்சின் எல்லைக்குள், வெகுவாக இறங்கியது 20 ஆண்டுகளுக்குப் பிறகே. நாடாவை அடித்து எறியும் தறி எங்கிருந்தாலும் தாக்கும் விதம் ஒன்றுதான் என்பதால், தமிழகத்தின் விசைத்தறி ஊர்களான குமாரபாளையத்துக்கும் சோமனூருக்கும் இந்தக் கால வரிசை பொருந்தாது என்று கருத நான் காரணம் எதுவும் காணவில்லை. தொழிலாளி தன் குறையை உணர்வதற்குப் பத்தாண்டு முன்பே அது காகிதத்தில் தெரியும் என்பதே இதன் பொருள்.

இனி அளவுகோலுக்கு வருவோம். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. கண்டறியும் மருத்துவர் அதைத் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிவித்தாக வேண்டியிருந்தது. மறுபுறம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு அதிர்வெண்களில் இரு காதிலும் 60 டெசிபல் இழந்தவரையே செவித்திறன் குறைந்தவராக ஏற்கிறது. இரைச்சல் மட்டுமே காரணமாக இருக்கும்போது இழப்பு பொதுவாக உயர் அதிர்வெண்களில் 75 டெசிபலையும் தாழ்ந்த அதிர்வெண்களில் 40 டெசிபலையும் தாண்டுவதில்லை. 500, 1,000, 2,000இல் தலா 40, 4,000இல் 75 என்று வைத்துச் சராசரி பார்த்தாலும் 49க்குள்தான் வரும். தன் தொழிலாலேயே காதை இழந்தவர் அந்த வாயிலை எட்டவே முடியாதபடி நோயின் இயல்பே தடுக்கிறது. இது அநீதி. ஆகவே, அடிப்படை வரைபடத்திலிருந்து 2,000, 3,000, 4,000இன் சராசரி 10 டெசிபல் நகர்ந்தாலே அதைக் காயமாகக் கொள்ள வேண்டும். அமெரிக்க விதி இந்த நகர்வைத்தான் எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறது.

தடுப்பிலும் நம் கணக்கு தளர்வானது. 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல், ஒவ்வொரு 5 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது நம் வரம்பு. அதன்படி 100 டெசிபலில் 2 மணி நேரம் நிற்கலாம். ஒலியாற்றல் 3 டெசிபலுக்கே இரட்டிக்கிறது. 85இல் தொடங்கி 3 டெசிபலுக்குப் பாதியாக்கும், அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நையாஷின் பரிந்துரைப்படி 100 டெசிபலில் 15 நிமிடமே தகும். 12 மணி நேர ஷிப்ட் அதைப்போல் 48 மடங்கு.

காதடைப்பான் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று பல முதலாளிகள் எண்ணுகிறார்கள். எவ்வளவு நல்ல அடைப்பானாக இருந்தாலும், ஷிப்டில் பாதி நேரம் கழற்றி வைத்தால் கிடைக்கும் பயன் சுமார் 3 டெசிபல். நெசவாளர் கழற்றுவதும் அலட்சியத்தால் அன்று. தறியின் கோளாறை அவர் ஓசையிலேயே அறிகிறார். ஆகவே முதல் வேலை தறியில்தான்: தேய்ந்த பாகங்களை மாற்றுவது, அடியில் ரப்பர் தாங்கி வைப்பது, தகரக் கூரைக்கும் சிமென்ட் சுவருக்கும் ஒலி உறிஞ்சும் பலகை அடிப்பது, முடிந்த இடத்தில் நாடா இல்லாத் தறிக்கு மாறுவது. கடைசி வழிக்குச் சிறு உடைமையாளரிடம் பணமில்லை. அரசு மானியம் இன்றி அது நடவாது.

பத்துப் பேருக்குக் குறைவான கூடங்கள் தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பெரும்பாலும் வெளியே நின்றன. 2020இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மின்விசையால் இயங்கும் தொழிற்சாலை என்ற வரையறைக்கே 20 பேர் வேண்டும் என்று ஆக்கிவிட்டது. தறி ஓடுவது வீட்டுத் திண்ணையை ஒட்டிய கொட்டகையில் என்றால், ஆய்வாளரை எதிர்பார்த்துப் பயனில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செவித்திறன் சோதனைக் கருவியும் அதை இயக்கப் பயின்ற ஒருவரும் இருந்தால் போதும். ஒரே கொட்டகையிலிருந்து வந்த இருவரின் வரைபடத்தில் 4,000இல் பள்ளம் விழுந்திருந்தால், ஒலிமானியோடு அந்தக் கொட்டகைக்குச் செல்லும் பொறுப்பை வட்டாரச் சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும்.