கார்லோ ஆன்செலோட்டி

கார்லோ ஆன்செலோட்டி (பிறப்பு: 10 ஜூன் 1959) இத்தாலியக் கால்பந்து வீரர், பயிற்சியாளர். பார்மா, ரோமா, மிலான் கழகங்களிலும் இத்தாலியத் தேசிய அணியிலும் நடுக்களத்தில் ஆடியவர். பயிற்சியாளராகச் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஐந்து முறை வென்றவர் இவர் ஒருவரே. இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளின் முதன்மை லீகுகளிலும் பட்டம் வென்ற முதல் பயிற்சியாளரும் இவரே. கோப்பைகளை எண்ணியே இவரை அளந்து பழகியதால், இவர் ஆட்டக்காரராக இருந்த பதினாறு ஆண்டுகள் பலர் நினைவிலிருந்து நழுவிவிட்டன. இரண்டு முழங்கால்களும் பழுதான பிறகு, எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்ற அறிவைக் கொண்டே அன்றைய ஐரோப்பாவின் மிகச் சிறந்த அணியில் இடம்பிடித்தவர் ஆன்செலோட்டி. அவருடைய பயிற்சி முறைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இளமையும் பார்மாவும்

வட இத்தாலியில் எமிலியா-ரொமாஞ்ஞா மாநிலத்தின் ரெஜ்ஜோலோ என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜுசெப்பே உழவர். மாடு வளர்த்து, பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குப் பால் கொடுத்து வாழ்ந்த குடும்பம். அந்தப் பாலாடைக்கட்டி குறைந்தது 12 மாதம் பதமாக வேண்டும். பால் கறந்தவர் கைக்குப் பணம் வந்துசேர அத்தனை காலம் பிடிக்கும். குரலை உயர்த்தாத இயல்பு, இப்படிக் காத்திருக்கப் பழகிய தந்தையிடமிருந்து தனக்கு வந்தது என்று ஆன்செலோட்டி பலமுறை சொல்லியிருக்கிறார்.

பார்மா கழகத்துக்காக முதன்முதலில் களமிறங்கியது 1976-77 பருவத்தில். அப்போது அது மூன்றாம் பிரிவு அணி. பின்னர் பயிற்சியாளராக வந்த சேசரே மால்தினி இளைஞரின் ஆட்டப் பார்வையைக் கவனித்து, முன்கள வீரருக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தி ஆடவிட்டார். 1979-இல் இரண்டாம் பிரிவுக்கு உயர்வதற்கான தனியாட்டத்தில் த்ரியெஸ்தீனா அணியைப் பார்மா 3-1 என வென்றது. அதில் இரண்டு கோல்கள் ஆன்செலோட்டியுடையவை. சேசரே மால்தினியின் மகன் பாவ்லோ பின்னாளில் மிலானில் ஆன்செலோட்டியின் சக வீரராகவும், அதன்பின் அவர் பயிற்றுவித்த அணியின் தலைவராகவும் இருந்தார்.

ரோமா: லீட்ஹோல்மின் பள்ளி

1979-இலேயே ரோமா ஆன்செலோட்டியை வாங்கியது. அங்கே பயிற்சியாளர் சுவீடன் நாட்டவரான நீல்ஸ் லீட்ஹோல்ம். எதிரணி வீரரை ஆளுக்கு ஆள் ஒட்டி மறிப்பதே இத்தாலியில் எழுதாத சட்டமாக இருந்த காலம் அது. லீட்ஹோல்ம் ஆளை விட்டு இடத்தைக் காக்கச் சொன்னார். பந்தை அவசரமில்லாமல் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டே இருந்தால் எதிரணிதான் ஓடிக் களைக்கும் என்பது அவர் பாடம். கோல்முனைக்கு அருகில் ஆடிவந்த ஆன்செலோட்டியை அவர்தான் நடுக்களத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தார். பிரேசிலின் பல்காவ், அணித்தலைவர் அகோஸ்தீனோ தி பார்த்தலோமேய், வலப்பக்கத்தில் புரூனோ கோந்தி என அந்த ரோமா அணி காண்பதற்கே இனிமையானது.

தேசிய அணியில் முதல் ஆட்டம் 1981 ஜனவரி 6 அன்று, உருகுவேயின் மொந்தெவிதேயோவில் நெதர்லாந்துக்கு எதிராக. அன்று ஒரு கோல் அடித்தார். மொத்தம் 26 பன்னாட்டு ஆட்டங்களில் அவர் அடித்த ஒரே கோலும் அதுதான்.

1981 அக்டோபரில் பியோரெந்தீனாவுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அன்றைய அறுவைச் சிகிச்சையும் மறுவாழ்வு முறையும் இன்றைய நிலையில் இல்லை. நெடுங்காலம் களத்துக்கு வெளியே இருக்க நேர்ந்தது. 1982-இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது அவர் அணியில் இல்லை. திரும்பி வந்து, 1982-83 பருவத்தில் ரோமா லீக் பட்டம் வென்ற அணியில் ஆடினார். 1942-க்குப் பிறகு அக்கழகத்துக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. ஆனால் 1983 டிசம்பரில் யுவென்டஸுக்கு எதிராக மற்றொரு முழங்காலும் போயிற்று. 1984 மே 30 அன்று ரோமாவின் சொந்த மைதானமான ஒலிம்பிக்கோவிலேயே ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. லிவர்பூலிடம் ரோமா பெனால்டியில் தோற்றதை அவர் வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. ஒரு நடுக்கள வீரரின் நல்ல வயது 22 முதல் 25 வரை என்றால், அதில் பெரும்பகுதியை மருத்துவமனைக் கட்டில் தின்றுவிட்டது. அதன்பின் ரோமாவின் தலைவர் பட்டை அவர் கைக்கு வந்தது. அங்கு இருந்த காலத்தில் கழகம் நான்கு இத்தாலியக் கோப்பைகளை வென்றது.

மிலான்: சாக்கியின் பள்ளி

1987-இல் மிலானின் புதிய பயிற்சியாளர் அர்ரிகோ சாக்கி ஆன்செலோட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்த முழங்கால்களை நம்பிப் பணம் போடக் கழக உரிமையாளர் சில்வியோ பெர்லுஸ்கோனி தயங்கினார். சாக்கி விடவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஓட்டக்காரர் அல்ல, களத்தின் நடுவில் நின்று அணி முழுவதையும் நகர்த்தக்கூடிய ஒரு மூளை.

சாக்கியின் முறை லீட்ஹோல்முடையதைவிட வேகம் கூடியது. இடத்தைக் காக்கும் கொள்கை இங்கும் உண்டு. ஆனால் பந்து எதிரணியிடம் போன கணமே பதினோரு பேரும் சேர்ந்து நெருக்க வேண்டும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே 25 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இத்தகைய அணியில் நடுவில் இருப்பவர் ஒரு கணம் பிந்தினாலும் முழுக் கட்டமைப்பும் உடையும். மெதுவான கால்களோடு ஆன்செலோட்டி அதில் பிந்தாமல் இருந்தது, பந்து வரும் திசையை முன்கூட்டியே அறிந்ததால்தான். முதல் பருவத்திலேயே மரடோனாவின் நாப்போலியை முந்தி மிலான் லீக் பட்டம் பெற்றது.

1989 ஏப்ரல் 19, சான் சீரோ. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் எதிரே ரியல் மாட்ரிட். 18-ஆவது நிமிடத்தில் ஆன்செலோட்டி எதிராளிகளை விலக்கி, கோலுக்கு வெகுதொலைவிலிருந்தே வலக்காலால் அடித்தார். கோல்கீப்பர் புயோவின் கைக்கு மேலாகப் பந்து வலைக்குள் போயிற்று. பின்னர் ரைக்கார்ட், குல்லிட், வான் பாஸ்டன், தொனாதோனி ஆளுக்கொரு கோல் அடிக்க ஆட்டம் 5-0 என முடிந்தது. கழகக் கால்பந்தில் அணியாட்டம் என்றால் என்ன என்று கேட்பவருக்கு இந்த ஒரு ஆட்டத்தைக் காட்டினால் போதும். பார்சலோனாவில் நடந்த இறுதியில் ஸ்தெயுவா புக்கரெஸ்ட் 4-0 எனத் தோற்றது. மறு ஆண்டு வியன்னாவில் பென்பிகாவை 1-0 என வென்று மிலான் கோப்பையைத் தக்கவைத்தது. இத்தாலி மூன்றாமிடம் பெற்ற 1990 உலகக் கோப்பையிலும் அவர் அணியில் இருந்தார்.

1991-92-இல் பாபியோ கப்பெல்லோவின்கீழ் மிலான் ஒரு ஆட்டமும் தோற்காமல் லீக் பட்டம் வென்றபோது, ஆன்செலோட்டியின் இடத்தை இளைஞர் தெமேத்ரியோ அல்பெர்தீனி எடுத்துக்கொண்டுவிட்டார். 1992 மே 17 அன்று வெரோனாவுக்கு எதிராக ஆன்செலோட்டி மாற்று வீரராக இறங்கி இரண்டு கோல்கள் அடித்தார். அதுவே கடைசி ஆட்டம்.

பயிற்சியாளராக

ஓய்வுபெற்ற பின், இத்தாலியத் தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்த சாக்கிக்குத் துணையாக இருந்தார். 1994 உலகக் கோப்பை இறுதியில் பிரேசிலிடம் பெனால்டியில் தோற்ற அணி அது. தனிப் பொறுப்பேற்றது 1995-இல். ரெஜ்ஜானா கழகத்தை முதல் பருவத்திலேயே முதற்பிரிவுக்கு உயர்த்தினார். அடுத்துச் சென்ற பார்மாவில் சாக்கியின் 4-4-2 அமைப்பை வேதமாகவே பின்பற்றினார். முன்கள வீரருக்குப் பின்னால் ஆட விரும்பிய ரொபேர்த்தோ பாஜ்ஜோவுக்கு அதில் இடமில்லை என்று 1997-இல் மறுத்துவிட்டார். பாஜ்ஜோ போலோஞ்ஞா சென்று அந்தப் பருவத்தில் 22 லீக் கோல்கள் அடித்தார். யுவென்டஸில் ஜிதேனைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பிடிவாதம் செல்லாது என்று கண்டார்; வீரருக்கு ஏற்ப அமைப்பை மாற்றினார். அங்கு இரண்டு முறை இரண்டாமிடமே கிடைத்தது.

ஆன்செலோட்டியின் உண்மையான படைப்பு 2001 முதல் 2009 வரை அவர் நடத்திய மிலான். பிரேஷா கழகத்தில் பயிற்சியாளர் மாட்ஸோனே பின்னே இழுத்து ஆடவைத்த ஆந்திரேயா பிர்லோவை, தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிலையாக நிறுத்தி ஆட்டத்தின் அச்சாக்கினார். காவலுக்குக் கத்தூசோ, கூடவே சேடோர்ப், மேலே ருயி கோஸ்தா, பிறகு காகா. மென்மையான கால்கள் இத்தனையை ஒரே அணியில் சேர்த்தும் தற்காப்பு குலையவில்லை. தனக்கென ஆட்டத் தத்துவம் இல்லாதவர், நட்சத்திரங்களைத் தட்டிக்கொடுத்து வென்றவர் என்ற பேச்சு இந்த அணியின் முன் நிற்காது. லீட்ஹோல்மின் பொறுமையும் சாக்கியின் ஒழுங்கும் ஒருவரிடம் சேர்ந்தால் கிடைப்பது இது. சாம்பியன்ஸ் லீக் 2003-இல் மான்செஸ்டரில் யுவென்டஸை வென்றும், 2007-இல் ஏதென்ஸில் லிவர்பூலை வென்றும் கிடைத்தது. இடையில் 2005-இல் இஸ்தான்புலில் 3-0 என முன்னிலை பெற்றிருந்தும், இரண்டாம் பாதியில் ஆறு நிமிடங்களில் மூன்று கோல் வாங்கி, லிவர்பூலிடம் மிலான் பெனால்டியில் தோற்றது.

செல்சியில் 2009-10-இல் லீக், எப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்றார். மறு ஆண்டே நீக்கப்பட்டார். பாரிஸ் சான் ஜெர்மேன், பாயர்ன் மியூனிக் ஆகியவற்றுக்கு லீக் பட்டம் பெற்றுத் தந்தார். நாப்போலியும் எவர்ட்டனும் இடையில் வந்து போயின. ரியல் மாட்ரிட்டில் இரண்டு தவணைகளில் 2014, 2022, 2024 சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் கிடைத்தன. முதல் தவணைக் கால வருமான வரி வழக்கில் 2025 ஜூலையில் மாட்ரிட் நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத் தண்டனையும் அபராதமும் விதித்தது.

2025 மே முதல் பிரேசில் தேசிய அணியின் பயிற்சியாளர். ஜூன் 10 அன்று சாவ் பாவ்லோவில் பராகுவேயை 1-0 என வென்று அவ்வணி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.