சி.ஆர். எழுதிய காலம்

அரசு அலுவலகத்திலோ பொதுத்துறை நிறுவனத்திலோ முப்பது வருடம் குப்பை கொட்டியவர்களிடம் 'சி.ஆர்.' என்று சொல்லிப் பாருங்கள். இப்போதும் வயிற்றில் லேசாக ஒரு கலக்கம் வரும். கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் என்பதன் சுருக்கம் அது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கங்களில் ஒன்று. மார்ச் 31-ஆம் தேதி முடிந்ததும் மேலதிகாரி தனக்குக் கீழே உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதுவார், அதற்கு மேல் உள்ளவர் அதைப் படித்துத் தன் கருத்தைச் சேர்ப்பார், பிறகு உறையில் போட்டு ஒட்டி பெர்சனல் பிரிவின் இரும்பு பீரோவுக்குள் வைத்துவிடுவார்கள். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருக்கு மட்டும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

அவுட்ஸ்டாண்டிங், வெரி குட், குட், ஆவரேஜ் என்று படிகள் இருந்தன. 'நேர்மை' என்று தனியாக ஒரு கட்டமும் உண்டு. இதில் ஒரு வினோதம். அதிகாரிக்குச் சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டத்தில் எதுவும் எழுதாமல் காலியாக விட்டுவிட்டு, தனியாக ஒரு ரகசியக் குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. ஆக, எழுதியதைவிட எழுதாமல் விட்டதுதான் பயங்கரம்.

பாதகமான குறிப்பு இருந்தால் அதைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதியில் இருந்தது. தெரிவிக்காத பாதகக் குறிப்பை வைத்து ஒருவருக்குப் பதவி உயர்வை மறுக்கக்கூடாது, அவருக்குத் திருந்தவோ விளக்கம் சொல்லவோ வாய்ப்பு வேண்டும் என்று குர்தியால் சிங் ஃபிஜ்ஜி என்ற பஞ்சாப் அதிகாரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979-லேயே சொல்லிவிட்டது. ஆனால் எது பாதகம்? 'குட்' பாதகமா? யாரைக் கேட்டாலும் நல்ல வார்த்தைதானே என்பார்கள். அங்கேதான் சூட்சுமம். கொஞ்சம் மேலே உள்ள பதவிகளுக்குப் போகக் கடைசி ஐந்து வருடமும் 'வெரி குட்' இருக்க வேண்டும் என்று ஒரு அளவுகோல் வைத்திருந்தார்கள். ஒரு வருடம் 'குட்' வந்தால் போதும், பெயர் பட்டியலில் இருக்காது. பாதகமில்லை என்பதால் தெரிவிக்கவும் மாட்டார்கள். வீட்டில் கேட்பார்கள், பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார், பதில் சொல்ல ஒன்றும் இருக்காது. ஜாதகத்தில் சனி என்று சமாதானம் சொல்லிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மாற்றாக ஒரு யோசனை முதலில் வந்தது அரசாங்கத்திலிருந்து அல்ல. 1970-களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம், தன் மதிப்பீட்டு முறையைச் சீர்படுத்த அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் இருவரை அழைத்தது. ஒருவர் உதய் பரீக், மற்றவர் டி.வி. ராவ். படிவத்தை மாற்றித் தாருங்கள் என்று கேட்டால், அவர்கள் துறையையே மாற்றச் சொன்னார்கள். ஒருவர் இந்த வருடம் செய்த வேலை வேறு, அடுத்த பதவிக்கு அவருக்குள்ள தகுதி வேறு, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மேலதிகாரி தன் கருத்தை எழுதி ஒளித்து வைக்காமல், அவரை எதிரே உட்காரவைத்துப் பேச வேண்டும். எங்கே குறை இருக்கிறதோ அதற்குப் பயிற்சி தர வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு பிரிவு வேண்டும். அந்தப் பிரிவுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ஹெச்.ஆர்.டி. இந்தியத் தொழில் நிறுவனங்களில் இதுவே முதலாவது என்பார்கள். பிறகு ஸ்டேட் பாங்க் போன்ற பெரிய நிறுவனங்களும் அந்த வழியில் வந்தன.

(1985-ல் ராஜீவ் காந்தி அரசு கல்வித் துறையை மனிதவள மேம்பாட்டு அமைச்சகமாக ஆக்கியபோது, நம் ஊர்க்காரர்கள் பலர் அந்தச் சொல்லையே பள்ளிக்கூடத்துக்கான இன்னொரு பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். 2020-ல் மறுபடியும் கல்வி அமைச்சகம் ஆகிவிட்டது.)

அரசாங்கத்தில் உறை திறக்க இன்னும் முப்பது வருடம் பிடித்தது. திறந்தவர் தேவ் தத் என்ற பொறியாளர். எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர் ஆனவர். அடுத்தது சூப்பரின்டெண்டிங் இன்ஜினியர் பதவி. 1994 டிசம்பரில் பதவி உயர்வுக் குழு கூடியது. அவர் பெயர் வரவில்லை. காரணம், 1993-94-க்கான அறிக்கையில் 'குட்' என்று இருந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் அரசின் வாதம். குவாஹாத்தி உயர் நீதிமன்றத்தில் தோற்று, டெல்லிக்குப் போனார்.

2008 மே 12-ஆம் தேதி நீதிபதிகள் ஹெச்.கே. சேமாவும் மார்க்கண்டேய கட்ஜுவும் தீர்ப்புச் சொன்னார்கள். வார்த்தை நல்லதா கெட்டதா என்பது கேள்வியல்ல, அதன் விளைவு என்ன என்பதே கேள்வி என்றார்கள். பதவி உயர்வைத் தடுக்குமானால் 'குட்' என்பதும் பாதகக் குறிப்புத்தான். அத்தோடு நிற்கவில்லை. எந்தக் குறிப்பானாலும் தெரிவிக்க வேண்டும், 'அவுட்ஸ்டாண்டிங்' என்று எழுதியிருந்தாலும் தெரிவிக்க வேண்டும், அது தெரிந்தால் அந்த ஊழியர் உற்சாகத்தோடு இன்னும் உழைப்பாரே என்றார்கள். எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது. ஐந்து வருடம் தொடர்ந்து 'அவுட்ஸ்டாண்டிங்' வாங்கியும் அது தெரியாமலே ஓய்வு பெற்றுப்போனவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் மனசு எப்படி இருந்திருக்கும்!

தீர்ப்பு வந்தபோது தேவ் தத் ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. அந்த 'குட்' குறிப்பை இரண்டு மாதத்துக்குள் அவருக்குத் தெரிவியுங்கள், அவர் முறையிடட்டும், குறிப்பு உயர்த்தப்பட்டால் பதவி உயர்வை முன்தேதியிட்டுப் பரிசீலியுங்கள், கிடைத்தால் கூடுதல் பென்ஷனும் பாக்கியும் 8 சதவீத வட்டியோடு கொடுங்கள் என்றது. ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும் இந்தத் தீர்ப்பு பொருந்தாது என்று விலக்கு வைத்தார்கள்.

மறு வருடமே, 2009 மே மாதம், மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. சி.ஆர். போய் 'அபார்' வந்தது, அதாவது ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை. பெயரிலிருந்தே 'கான்ஃபிடென்ஷியல்' போய்விட்டது. 2008-09 முதல் முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்ட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் 15 நாளுக்குள் எழுதித் தரலாம். 2013-ல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இதே கருத்தை உறுதி செய்தது.

திறந்ததில் ஒரு கோளாறும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். எழுதியதை எதிராளி படிப்பார் என்றதும் அதிகாரிகளின் கை தாராளமாகிவிட்டது. பத்துக்கு எட்டு, ஒன்பது என்று எல்லோருக்கும் மார்க் போட்டுவிட்டு, வம்பு வேண்டாம் என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பரீக்கும் ராவும் சொன்ன அந்த எதிரே உட்காரவைத்துப் பேசும் வேலையைப் பலர் செய்வதில்லை. கணினியில் அறிக்கை போகிறது, கணினியில் திரும்பி வருகிறது. ஆனாலும் ரகசியமாக எழுதி ஒருவன் வாழ்க்கையை நிறுத்தி வைப்பதைவிடத் தாராள மார்க் எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். பழைய ஆட்கள் சிலர், பயம் போனதால்தான் அலுவலகங்கள் இப்படி ஆகிவிட்டன என்று என்னோடு வாதாடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் சி.ஆர். எழுதியவர்கள்.