அங்காடிக்கும் இல்லத்துக்கும் இடையே

நகரம் வளர வளர, குடியிருப்பை நாடி வாணிகம் வருவது இயல்பு. நேற்றுவரை அமைதியாயிருந்த தெருவில் இன்று ஒரு பண்டகசாலை எழுகிறது; பட்டறையொன்று சம்மட்டி ஒலியுடன் காலையைத் தொடங்குகிறது; மாடியிற் கட்டிய உணவுச்சாலையின் பலகணி அண்டை வீட்டு முற்றத்தை நேரே நோக்குகிறது. உடனே ஒரு வினா பிறக்கிறது. இடையே ஒரு மதிலோ தட்டியோ வேண்டும். அதனை எழுப்ப வேண்டியவர் யார்? வாணிகம் செய்பவரா, வீட்டில் வாழ்பவரா? இவ்வினாவுக்கு நம் நாடு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடை கூறியிருக்கிறது.

பழைய விடைகளுள் ஒன்றைக் கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திற் காண்கிறோம். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்கு அளித்த ஓலைச்சுவடியிலிருந்து இந்நூலை வெளிக்கொணர்ந்து, 1909-இல் பதிப்பித்தவர் சாமசாத்திரியார். வீட்டுமனை பற்றிய அதன் பகுதி, இரு வீடுகளுக்கு இடையே இத்துணை அடி வெளி விடவேண்டும் என்கிறது; நீர் ஓடும் வாய்க்காலுக்கும், அடுப்புக்கும், மாவரைக்கும் எந்திரத்துக்கும், உரலுக்கும் இடம் வரையறுக்கிறது. தன் வாயிலாலோ சாளரத்தாலோ பிறருக்கு இடர் விளைப்பவன் தண்டம் செலுத்த வேண்டும். இடையே அரச வீதியோ தெருவோ இருப்பின் அக்குற்றமில்லை. நெருப்பைக் கொண்டு தொழில் செய்வோரை நகரில் ஓரிடத்தில் குடியேற்ற வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. அண்டை வீட்டார் தம்முள் ஒத்துக்கொண்டு வேறு வகையிற் கட்டலாம். ஆனால் தீங்கு தருவதைத் தவிர்த்தல் வேண்டும். விலகி நிற்கும் பொறுப்பு இடர் செய்பவனுடையது என்பதே இவ்விதிகளின் உட்கிடை.

தமிழ் நாட்டுப் பூம்புகாரையும் ஈண்டு நினைவுகூரலாம். சிலப்பதிகாரம் காட்டும் அந்நகரில் வணிகரும் கைவினைஞரும் மிக்க மருவூர்ப்பாக்கம் ஒருபுறம். அரசர், பெருவணிகர், அந்தணர், உழவர் முதலியோர் வாழ்ந்த பட்டினப்பாக்கம் மறுபுறம். இரண்டுக்கும் நடுவே ஒரு சோலை. அதன் மரங்களே தூண்களாக நாளங்காடி அமைந்திருந்தது. இச்சோலையைத் திரையென்று இளங்கோவடிகள் கூறவில்லை. எனினும் நகரின் இரு பகுதிகள் முட்டிக்கொள்ளாதபடி இடைவெளியொன்று இருந்தமை புலனாகிறது.

இனி வடபுலம் செல்வோம். 1727-இல் நிறுவப்பெற்ற ஜெய்ப்பூரில், கடைவீதியை நோக்கி 1799-இல் எழுந்தது ஹவா மகால். மன்னர் சவாய் பிரதாப் சிங் அமைத்த அதன் முகப்பு முழுவதும் கல்லிற் குடைந்த பலகணிகள். அரண்மனை மகளிர் வீதியின் விழாவையும் ஊர்வலத்தையும் காணலாம்; வீதியில் நிற்பார்க்கு அவர்கள் புலப்படார். காற்று வரும், பார்வை வாராது. ஆனால் இது மன்னர் செல்வத்தால் இயன்ற திரை. எளிய குடிமகனுக்கு அத்தகைய கல்திரை ஏது? அவன் வழக்கத்தையும் சட்டத்தையுமே நம்பியிருந்தான்.

ஆங்கில ஆட்சியில் அவ்வழக்கம் நீதிமன்றம் ஏறியது. குஜராத்தில், அண்டை வீட்டின் மறைவிடத்தை நோக்கிப் புதிய சாளரம் திறப்பது தவறு என்னும் வழக்கத்தைப் பம்பாய் உயர்நீதிமன்றம் ஏற்றது. 1888-இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் கோகுல் பிரசாத் என்பார்க்கும் ராதோ என்பார்க்கும் இடையே ஒரு வழக்கு. புதிதாகக் கட்டிய தாழ்வாரமும் கதவுகளும் அடுத்த வீட்டு மகளிர் புழங்கும் பகுதியை வெளிப்படுத்துகின்றன என்பது முறையீடு. வழக்கத்தால் அமைந்த மறைவுரிமை அம்மாகாணத்தில் உண்டு என்று தலைமை நீதிபதி ஜான் எட்ஜ் தீர்ப்பளித்தார்.

சென்னையிலோ நிலைமை வேறு. 1860-களிலும் 1890-களிலும் வந்த வழக்குகளில், சாளரம் திறப்பதால் மறைவு கெடுவது மட்டும் வழக்குக்குரிய குற்றமாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறிற்று. பார்வையைத் தடுக்க விரும்புபவன் தன் நிலத்தில் மதில் எழுப்பிக்கொள்ளலாம் என்பது ஆங்கிலச் சட்டத்தின் கொள்கை. 1882-ஆம் ஆண்டு அனுபோக உரிமைச் சட்டம், ஊர் வழக்கத்தால் மறைவுரிமை உண்டாகலாம் என்பதற்கு எடுத்துக்காட்டே தருகிறது. அச்சட்டம் முதலிற் செயற்பட்ட நிலப்பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஒன்று; பம்பாய்க்கும் வடமேற்கு மாகாணங்களுக்கும் அது 1891-இல்தான் பரவியது. சட்டம் முன்னே வந்த இடத்தில் வழக்கம் இல்லை. வழக்கம் இருந்த இடத்துக்குச் சட்டம் பின்னே சென்றது!

இவ்விரு விடைகளின் வேறுபாடு சிறிதன்று. 'நீயே மதில் கட்டிக்கொள்' என்னும் விடை, நிலமும் பொருளும் உடையார்க்கே பயன்படும். ஓரடி வெளியும் இல்லாத ஒட்டு வீட்டில் வாழ்பவன் எங்கே மதில் எழுப்புவான்? எழுப்பினும், மூன்று மாடி வணிகக் கட்டிடத்தின் முன் பத்தடி மதில் எம்மாத்திரம்? புகைக்கும் ஓசைக்கும் அது தடையாமோ? தன் வீட்டுக் காற்றையும் ஒளியையும் தானே அடைத்துக்கொள்வதுதான் அவன் கண்ட பயன். வாணிகத்தின் ஊதியம் ஒருவர்க்கு. அதன் இடர் மற்றொருவர்க்கு என்றாகிவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் நகரமைப்புச் சட்டங்கள் பிறந்தன. பம்பாயில் 1915-இலும் சென்னையில் 1920-இலும் அவை இயற்றப்பெற்றன. கட்டிடத்தைச் சுற்றி வெளி விடுதல், கடைக்கும் குடியிருப்புக்கும் தனித்தனி வட்டாரம் வகுத்தல் ஆகியன பின்னர் நகர விதிகளாயின. கட்டுபவன் விலகி நிற்க வேண்டும் என்னும் கௌடிலியர் கொள்கை, வேறு உடையில் மீண்டும் வந்தது எனலாம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இவ்வரலாற்றில் ஒரு குறிப்பு உண்டு. நம் ஊரில் கேளாத உரிமை, நாம் குடியேறிய ஊரில் வேரூன்றிய வழக்கமாக இருக்கக்கூடும். அகமதாபாத்திலோ அலகாபாத்திலோ கடை வைப்பவர், பலகணி திறக்குமுன் அண்டை வீட்டாரைக் கலந்துகொள்வது நன்று. விதி கேட்கும் அளவுக்கு மேல் ஒரு தட்டி அமைத்தால் செலவு சிறிது. அதனால் விளையும் நட்பு பெரிது. பொருள் தேடிச் சென்ற இடத்தில் அண்டை வீட்டாரின் நன்மதிப்பே நமக்குக் காவல். அதனைக் காக்கும் திரையை முதலில் எழுப்ப வேண்டியவர், கடை திறப்பவரே.