கணக்கு காட்டாதவன் பேரு குடத்துல விழாது

போன மாசம் எங்க ஏரிக்கு வர்ற வரத்துக்காலைத் தூர் எடுக்க, வீட்டுக்கு ஒரு ஆள்னு கூப்பிட்டோம். முதல் நாள் நாப்பது பேர் வந்தாங்க. மூணாம் நாள் பதினொண்ணு. காரணம் வெயில் இல்லீங்க. "வசூல் பண்ணின காசுக்குக் கணக்கு எங்கண்ணே?"ன்னு ஒரு தம்பி கேட்டான். பொறுப்புல இருந்த நான் முறைச்சேன். அவ்வளவுதான், மம்பட்டியெல்லாம் வீட்டுக்குப் போயிருச்சு.

அன்னிக்கு ராத்திரி உத்திரமேரூர் ஞாபகம் வந்துச்சு. அங்க கோயில் சுவர்ல முதலாம் பராந்தகச் சோழன் காலத்து கல்வெட்டுகள் இருக்கு; 919, 921ஆம் ஆண்டுகள்ல வெட்டினது. குடவோலைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, பேர் எழுதின ஓலைகளைக் குடத்துல போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. அப்படி வந்தவங்கள்ல 6 பேர் ஏரி வாரியம்.

என்னை உறுத்தினது வேற விதி. முன்னாடி வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவன் பேரைக் குடத்துல போடவே கூடாது. அவனோட நெருங்கின சொந்தக்காரங்க பேரையும் போடக் கூடாது. கடந்த 3 வருஷத்துல வாரியத்துல இருந்தவரும் மறுபடி வர முடியாது. நல்லவரா கெட்டவரான்னு ஆராயாம, எவரா இருந்தாலும் கணக்கு கேட்கலாம்னு கல்லுலயே வெட்டிட்டாங்க.

மறுபக்கத்தையும் சொல்லணும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். கால் வேலி நிலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்புன்னு தகுதி வெச்சிருந்தாங்க. கரைக்கு மண் சுமந்தவங்களுக்கு ஓலை கிடையாது. கணக்குல இருந்த நேர்மை, ஆளைச் சேர்த்துக்கறதுல இல்லை.

தெக்கத்திப் பக்கம் நீர்க்கட்டிங்க வழக்கம் இதுக்கு நேர்மாறு. பல ஊர்ல நிலமில்லாத குடும்பத்து ஆள்தான் மடையைத் திறப்பார். தனக்கு வயல் இல்லாததால எந்த வயலுக்கும் ஓரவஞ்சனை இல்லைன்னு ஊரு நம்புச்சு. அறுவடையில நெல்லு அவருக்குக் கூலி.

1858ல வெள்ளைக்கார அரசாங்கம் மதராஸ் மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டுச்சு. ஏரி, கால்வாய் வேலைக்கு ஊராளுங்களைக் கட்டாயமா இழுக்கலாம். சட்டத்தால ஆளை வரவைக்கலாம். 'நம்ம ஏரி'ங்கற நினைப்பை வரவைக்க முடியுமா?

மறுநாள் வரவு செலவை அட்டையில எழுதி வேப்பமரத்துல மாட்டினேன். அந்தத் தம்பியையே கூட்டிப் பார்க்கச் சொன்னேன். நாப்பது ரூபா இடிச்சுது. என் தப்பு, திருத்தினேன். அடுத்த நாள் இருபத்தாறு மம்பட்டி வந்துச்சு. மிச்சம் பதினாலு பேரை நான்தான் வீடு வீடாப் போய்க் கூப்பிடணும்.