திருவையாற்றுப் பெண், தமிழ் பேசும் படத்தின் முதல் கதாநாயகி

திருவையாறு என்றால் நமக்கு ஐயாறப்பர், தை மாதத்து தியாகராஜ ஆராதனை, அசோகா அல்வா. தாராசுரத்திலிருந்து சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறோம். அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் கடைசிவரை வைத்திருந்த ஒரு பெண்மணியை மட்டும் நம்மில் பலர் மறந்துவிட்டோம். டி. பி. ராஜலக்ஷ்மி. 'டி' என்பது திருவையாறு, 'பி' என்பது தகப்பனார் பஞ்சாபகேச சாஸ்திரி. தமிழின் முதல் பேசும் படத்தில் கதாநாயகி அவர்தான்.

பிறந்தது 1911ல். தகப்பனார் கிராமத்துக் கணக்குப்பிள்ளை. அந்தக் காலத்து வழக்கப்படி விளையாடுகிற வயதிலேயே கல்யாணம் செய்துவைத்தார்கள். வரதட்சிணைத் தகராறில் அந்தக் குழந்தை பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டது. தகப்பனாரும் காலமானார். தாயும் மகளும் பிழைப்புத் தேடித் திருச்சிக்குப் போனார்கள். வாழாவெட்டி என்று ஒரு சொல் இருந்ததே, அதைச் சுமந்துகொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டிய பெண். ஆனால் அவளுக்குக் குரல் இருந்தது, கேட்டதை அப்படியே திருப்பிப் பாடுகிற ஞானமும் இருந்தது. பதினோரு வயதில் சங்கரதாஸ் சுவாமிகளின் சிபாரிசோடு சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தாள்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது அன்றைய நாடக மேடையை நினைத்துப் பார்த்தால்தான் புரியும். பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேஷத்தையும் பையன்களே கட்டினார்கள். பெண்கள் மேடையேறவே இல்லை என்பதல்ல. நம் கும்பகோணத்திலேயே பாலாமணி அம்மாள், ஆண் வேஷத்தையும் பெண்களே போடுகிற கம்பெனி ஒன்றை நடத்தினார். அவருடைய நாடகம் பார்க்க மாயவரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஸ்பெஷல் ரயில் விட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்பேர்ப்பட்டவர் கடைசியில் மதுரையில் வறுமையில் இறந்தார். மேடையேறிய பெண்ணைக் கைதட்டிப் பார்ப்பார்கள், வீட்டுக்குள் அழைக்கமாட்டார்கள். அதிலும் அக்கிரகாரத்துப் பெண் அரிதாரம் பூசினால் சொந்தபந்தம் என்ன பேசியிருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாமண்ணா கம்பெனியிலிருந்து அவர் வேறு கம்பெனிகளுக்கும் போனார். எஸ். ஜி. கிட்டப்பா, தியாகராஜ பாகவதர் போன்றவர்களுடன் ஜோடியாகப் பாடி நடித்தார். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் கேட்க விடியவிடியப் பாட வேண்டும். அந்தப் பயிற்சிதான் பிறகு சினிமாவில் கைகொடுத்தது. பேசாப் படங்களிலும் அவர் நடித்திருக்கிறார். அங்கே முகம் மட்டும் போதும். 1931 மார்ச்சில் பம்பாயில் 'ஆலம் ஆரா' வந்து படம் பேச ஆரம்பித்ததும், பாடத் தெரிந்தவர்களைத் தேடவேண்டி வந்தது.

அதே இம்பீரியல் கம்பெனியில், அர்தேஷிர் இரானி தயாரிக்க, எச். எம். ரெட்டி டைரக்ட் செய்த 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31ல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. அந்தக் கொட்டகைதான் பிற்பாடு முருகன் டாக்கீஸ். படத்தில் ராஜலக்ஷ்மி தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். யாரும் குறை சொல்லவில்லை. படம் பேசியதே அதிசயம். காளிதாசன் கதையில் காந்தியின் கைராட்டையைப் போற்றும் பாஸ்கரதாஸ் பாட்டும் உண்டு, தியாகராஜ கீர்த்தனமும் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வருஷங்களில் திருவையாற்று ஆராதனையில் ஆண் வித்வான்களோடு பெண்கள் உட்கார்ந்து பாட முடியாது. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1927ல் பெண்களுக்கென்றே தனிக் கோஷ்டி தொடங்கி நடத்தினார். 1940ல்தான் எல்லாக் கட்சிகளும் ஒன்று சேர்ந்தன. சொந்த ஊர்ச் சன்னிதியில் பெண்ணுக்குக் கிடைக்காத இடம், அந்த ஊர்ப் பெண்ணுக்கு வெள்ளித் திரையில் கிடைத்தது.

1933ல் கோவை சாமிக்கண்ணு வின்சென்ட் கல்கத்தாவில் எடுத்த 'வள்ளி திருமணம்' பிரமாதமாக ஓடியது. ராஜலக்ஷ்மி வள்ளி. நாரதராக நடித்த டி. வி. சுந்தரத்தைப் பிறகு மணந்துகொண்டார். சிறு வயதில் முறிந்த வாழ்க்கையைத் தானே மறுபடி அமைத்துக்கொண்டார் என்று சொல்லலாம். 'சினிமா ராணி' என்ற பட்டமும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

என்னைப் பொறுத்தவரை அவர் செய்த பெரிய காரியம் இதற்குப் பிறகுதான். நாவல் எழுதினார். சொந்தமாக ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் தொடங்கினார். தன் கதையையே 1936ல் 'மிஸ் கமலா' என்று தயாரித்து, டைரக்ட் செய்து, நடிக்கவும் செய்தார். இந்தியாவில் முதலில் படம் டைரக்ட் செய்த பெண் பம்பாய் ஃபாத்மா பேகம், 1926ல். தென்னிந்தியாவில் முதல் பெண் நம் ராஜலக்ஷ்மி. யாரோ எழுதியதைப் பாடியவர், தான் சொல்ல நினைத்ததைப் படமாக எடுத்தார். புராணக் கதைக்கே கூட்டம் கூடிய அந்தக் காலத்தில் சமூகக் கதையைத் தொட்டார்.

கலைமாமணி விருது பெற்று, 1964ல் சென்னையில் காலமானார். இன்று 'காளிதாஸ்' பிரதி இல்லை. 'மிஸ் கமலா'வும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், இல்லாவிட்டால் தானே பொடிந்துபோகும். எங்கள் ஐராவதேசுவரர் கோயில் தூணில் உள்ள நாட்டியப் பெண்கள் எண்ணூறு வருஷங்களாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நம் தாத்தா பாட்டி கண்ணால் பார்த்தவரின் ஆட்டமோ போய்விட்டது.

எஞ்சியிருப்பது காகிதம்தான். நாடக நோட்டீசு, கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், பழைய பத்திரிகை. பரணைச் சுத்தம் செய்யும்போது அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த முறை ஆராதனைக்குப் போகும்போது கூட வரும் பேரப்பிள்ளைகளிடம், இந்த ஊரில் இப்படி ஒருவர் பிறந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.