கத்தோலிக்கத் திருமணச் சட்டமும் திருச்சபை நீதிமன்றமும் (பெங்களூரு)

பெங்களூருவில் கோயில் பீடத்தின் முன் நடந்த ஒரு கத்தோலிக்கத் திருமணத்துக்கு நீதிமன்றங்கள் இரண்டு. ஒன்று, 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி இயங்கும் திருச்சபை நீதிமன்றம்; மற்றது, 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின்படி விசாரிக்கும் அரசின் குடும்ப நீதிமன்றம். பெங்களூரு 1940-இல் மறைமாவட்டமாகி, 1953-இல் உயர்மறைமாவட்டமானது. இங்கு வாழும் சீரோ மலபார் கத்தோலிக்கருக்கு 1990-இன் கீழைத் திருச்சபைகள் சட்டத் தொகுப்பு பொருந்தும்.

திருச்சபை நீதிமன்றம் மணமுறிவு தருவதில்லை. மணநாளன்றே அத்திருமணம் செல்லுபடியாக உருவானதா என்பதை மட்டும் ஆராய்கிறது. கட்டாயம், அச்சம், வஞ்சகம், மனநலக் காரணங்களால் மணக்கடமைகளை ஏற்க இயலாமை ஆகியவை முக்கியமான காரணங்கள். பொதுவாக நீதிபதிகள் மூவர். திருமணப் பிணைப்பின் பாதுகாவலர் அது செல்லும் என்பதற்கான நியாயங்களை முன்வைப்பார். ஆகவே கணவன் மனைவி இருவரும் ஒத்துக்கொண்டாலும் தீர்ப்பு தானாகக் கிடைத்துவிடாது. சாட்சிகள் தனித்தனியே விசாரிக்கப்படுவர். முன்பு இரு மன்றங்களின் ஒத்த தீர்ப்பு வேண்டியிருந்தது; திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் அதை நீக்கினார். செல்லாதென்ற தீர்ப்பு உறுதியானதும் திருமணப் பதிவேட்டிலும், திருமுழுக்குப் பதிவேட்டில் அவரவர் பெயருக்கு எதிரேயும் குறிக்கப்படும். பிள்ளைகளின் சட்டபூர்வத் தகுதிக்கு இதனால் பங்கமில்லை.

தென்னாட்டில் இச்சட்டம் அதிகம் உரசுவது உறவுமுறையில்தான். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டுவது நமக்கு வழக்கம். திருச்சபைக்கோ தாய்மாமன் மூன்றாம் படி, அத்தை மகன் நான்காம் படி இரத்த உறவு, இரண்டுமே மணத்தடை. கோயிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசிப்பதற்கு முன்பே பங்குத்தந்தை உறவைக் கேட்டறிந்து ஆயரிடம் தளர்வு பெற வேண்டும். பெறாவிட்டால் திருமணம் செல்லாது. இத்தளர்வுக்கு அரசு நீதிமன்றமும் மதிப்பளித்திருக்கிறது: லட்சுமி சன்யால் வழக்கில் (1972), நெருங்கிய உறவினரான கத்தோலிக்கரின் திருமணத்தடையைத் திருச்சபைத் தளர்வு நீக்கியதை உச்ச நீதிமன்றம் ஏற்றது.

ஆனால் பிணைப்பை அவிழ்க்கும் அதிகாரத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. மோலி ஜோசப் வழக்கில் (1996), திருச்சபைத் தீர்ப்பை மட்டும் நம்பிச் செய்த மறுமணம் சட்டப்படி செல்லாது என்றது. அப்படி நம்பியவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. மணமுறிவுச் சட்டத்தின் 2001 திருத்தம் வரை கிறிஸ்தவப் பெண் மணமுறிவு பெறுவது பெரும்பாடு. பெரும்பாலும் கணவனின் தகாத உறவோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இருவர் சம்மதத்தில் பிரியும் வழியே இருக்கவில்லை. 2001-இல்தான் அதற்கான 10ஏ பிரிவு வந்தது. அதிலிருந்த இரண்டாண்டுப் பிரிவுக் காலத்தை ஓராண்டாகக் கொள்ளுமாறு கர்நாடக உயர் நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது.

திருச்சபைத் தீர்ப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கோரி மங்களூர் வழக்கறிஞர் கிளாரன்ஸ் பாய்ஸ் தொடுத்த பொதுநல வழக்கை 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜே.எஸ். கேஹர் தலைமையிலான அமர்வு தள்ளுபடி செய்தது. ஆகவே மறுமணம் விரும்பும் கத்தோலிக்கர் இரண்டு தீர்ப்புகளையும் பெற்றாக வேண்டும். குடும்ப நீதிமன்ற ஆணை இல்லாமல் மணந்தால் இருதார மணக் குற்றச்சாட்டு வரும். திருச்சபையும் இதில் கவனமாகவே இருக்கிறது: அரசுச் சட்டம் ஏற்காத திருமணத்தை, அவசர நேரம் தவிர, ஆயரின் அனுமதியின்றி நடத்தலாகாது என்கிறது அதன் 1071-ஆம் விதி.